பழைய ஷட்டரும் ஃபிளாஷும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நாலுக்கு ஐந்து அங்குல ஃபிலிம் கேமராவில் 1950-களில் வந்த சிங்க்ரோ-காம்பூர் ஷட்டர் போட்டிருக்கிறேன். ஷட்டரை அழுத்தினால் ஃபிளாஷ் பளிச்சென்று அடிக்கிறது. ஆனால் ஃபிலிமைக் கழுவினால் எதுவுமே விழவில்லை. வேகத்தை மாற்றிப் பார்த்தும் பயனில்லை.

பதில்: ஷட்டரின் விளிம்பில் எம், எக்ஸ், வி என்று மூன்று எழுத்துகளுக்கு நடுவே நகரும் சிறு நெம்புகோல் இருக்கும். அது எம்-இல் நிற்கிறது என்பதே எங்கள் கணிப்பு. எம் என்பது ஃபிளாஷ் பல்புகளுக்கானது. அந்தப் பல்பு எரிய ஆரம்பித்து உச்ச வெளிச்சத்துக்கு வர ஏறத்தாழ 20 மில்லிசெகண்ட் ஆகும். அதனால் ஷட்டர் முதலில் மின் இணைப்பைக் கொடுத்துவிட்டு, சற்றுப் பொறுத்துத்தான் இலைகளை (லென்ஸை மூடியிருக்கும் மெல்லிய தகடுகளை) திறக்கும். இன்றைய எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் அவ்வளவு நேரம் காத்திராது. இணைப்பு கிடைத்த கணமே மின்னி, ஒன்றிரண்டு மில்லிசெகண்டில் அணைந்துவிடும். இலைகள் திறக்கும்போது வெளிச்சம் போய்விட்டிருக்கும். ஒரு நொடி வேகம் வைத்தாலும் இதே கதைதான், ஏனென்றால் தாமதம் திறப்பதற்கு முன்னால் இருக்கிறது.

நெம்புகோலை எக்ஸ்-க்குத் தள்ளுங்கள். அதுதான் எலெக்ட்ரானிக் ஃபிளாஷுக்கானது. வி பக்கம் கொண்டுபோக வேண்டாம். அது செல்ஃப் டைமர். இத்தனை வயதான ஷட்டரில் அந்தப் பல்சக்கரங்கள் இறுகியிருந்தால் நடுவில் மாட்டிக்கொண்டு ஷட்டர் முழுதும் நின்றுபோகும்.

மாற்றிய பிறகு ஃபிலிமை வீணாக்காமல் கண்ணாலேயே பாருங்கள். கேமராவின் பின்பக்கத்தைக் கழற்றி, லென்ஸை வெள்ளைச் சுவரை நோக்கித் திருப்புங்கள். ஃபிளாஷும் அந்தச் சுவரையே பார்க்கட்டும், உங்கள் கண்ணை அல்ல. அபர்ச்சரை (லென்ஸின் ஒளித்துளையை) முழுதாகத் திறந்து, பின்னாலிருந்து லென்ஸ் வழியே பார்த்தபடி ஷட்டரை விடுங்கள். முழு வட்டம் வெள்ளையாகத் தெரிந்தால் சரி. நட்சத்திரம் போல ஓரம் வெட்டுப்பட்டுத் தெரிந்தால் இலைகள் முழுதும் விரியாதபோதே ஃபிளாஷ் மின்னுகிறது. எதுவுமே தெரியாவிட்டால் திறக்கும் முன்பே மின்னிவிட்டது. சிறிய அபர்ச்சரில் இந்தச் சோதனை ஏமாற்றும். இலைகள் பாதி விரிந்தாலே சின்னத் துளை முழுதாகத் தெரிந்துவிடும். எல்லா வேகத்திலும் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள்.

கேள்வி: எக்ஸ்-இல்தான் இருக்கிறது. ஆனால் பத்தில் நாலு தடவை ஃபிளாஷ் அடிப்பதே இல்லை. ஷட்டர் பழுதா?

பதில்: பெரும்பாலும் ஷட்டரின் இயந்திரத்தில் கோளாறு இருக்காது, ஃபிளாஷுக்கு மின் இணைப்பு தரும் கான்டாக்டில்தான் இருக்கும். பழைய ஃபிளாஷ்கள் கான்டாக்டின் மேல் 150, 200 வோல்ட்டுக்கு மேல் கொடுத்தன. மெல்லிய ஆக்ஸைடு படலத்தை அந்த அழுத்தம் துளைத்துக்கொண்டு போனது. புதிய ஃபிளாஷ்களில் ஐந்தாறு வோல்ட்தான். அதே படலம் இப்போது சுவராக நிற்கிறது.

முதலில் கேபிளைச் சந்தேகியுங்கள். புதிய குறைந்த வோல்ட்டேஜ் ஃபிளாஷ் என்றால், கேபிளை ஷட்டரிலிருந்து கழற்றி, முனையின் நடு ஊசியையும் வெளி வளையத்தையும் ஒரு கம்பியால் தொட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் தவறாமல் அடித்தால் கேபிளும் ஃபிளாஷும் நல்லவை. பழைய ஸ்டூடியோ ஃபிளாஷில் இப்படிச் செய்யக் கூடாது, ஷாக் அடிக்கும்.

அடுத்து ஷட்டர். மல்டிமீட்டரை பீப் ஒலிக்கும் நிலையில் வைத்து, ஒரு முள்ளை சாக்கெட்டின் நடுவிலும் மற்றதை வெளி வளையத்திலும் பிடியுங்கள். பி-இல் (அழுத்தியிருக்கும்வரை திறந்திருக்கும் நிலை) வைத்து ஷட்டரைத் திறந்தபடி நிறுத்தினால் பெரும்பாலான ஷட்டர்களில் விடாமல் ஒலிக்க வேண்டும். விட்டுவிட்டு ஒலித்தாலோ பல ஓம் காட்டினாலோ சுத்தம் தேவை. தீக்குச்சி முனையில் சிறிது ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டு சாக்கெட்டின் உள்சுவரையும் நடுமுனையையும் துடையுங்கள். ஈரம் வழிந்து ஷட்டருக்குள் போகக் கூடாது. துரு நீக்கும் ஸ்ப்ரே அடிக்கவே அடிக்காதீர்கள். எண்ணெய் இலைகளில் பரவினால் அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், பிறகு முழுதும் பிரித்துக் கழுவத்தான் வேண்டும். சாக்கெட் சுத்தமான பிறகும் ஒலி தடுமாறினால், உள்ளே இருக்கும் கான்டாக்ட் தகட்டை ஷட்டர் மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

மெதுவான வேகங்களில் இழுக்கும் ஷட்டர் என்றாலும் எக்ஸ் சிங்க் (ஷட்டரும் ஃபிளாஷும் ஒத்து இயங்குவது) பெரும்பாலும் கெடாது. கான்டாக்டை மூடுவது இலைகளைத் திறக்கும் வளையமே.

கேபிளைச் சொருகியதுமே ஃபிளாஷ் தானாக அடித்தால் எங்கோ ஷார்ட். அமெரிக்க ஷட்டர்கள் சிலவற்றில் சாக்கெட்டுக்குப் பதில் இரண்டு ஊசிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கென்றே தனிக் கேபிள் உண்டு. ஊசியைச் சுற்றி கம்பியை முறுக்கி ஒப்பேற்றினால் இந்த ஷார்ட்தான் வரும்.

கேள்வி: பழைய ஸ்டூடியோ ஃபிளாஷை ரேடியோ ட்ரிக்கரில் இணைக்கலாமா?

பதில்: கேபிளுக்குப் பதில் ரேடியோ அலையால் ஃபிளாஷை அடிக்க வைக்கும் கருவி அது. அதில் ஷட்டர் பக்கத்து டிரான்ஸ்மிட்டருக்கு ஆபத்தில்லை. ஃபிளாஷின் வோல்ட்டேஜ் தாக்குவது ரிசீவரை. ஃபிளாஷை முழுதும் சார்ஜ் செய்து, சிங்க் முனைகளுக்கு நடுவே டி.சி. வோல்ட்டேஜை அளந்து, ரிசீவரின் கையேட்டில் உள்ள வரம்போடு ஒப்பிடுங்கள். மிஞ்சினால் வெய்ன் சேஃப்-சிங்க் போன்ற தடுப்பு வேண்டும். டிரான்ஸ்மிட்டரில் உள்ள சாக்கெட் உள்ளீடாகவும் வேலை செய்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். இல்லையென்றால் ஹாட் ஷூ (கேமராவின் மேல் ஃபிளாஷைச் சொருகும் இடம்) அடாப்டர் வழியாக இணைக்கலாம்.

கேள்வி: என் லென்ஸ் காம்பவுண்ட் என்ற பழைய ஷட்டரில் இருக்கிறது. ஃபிளாஷ் சாக்கெட்டே இல்லை. என்ன வழி?

பதில்: சிங்க்கே வேண்டாம். அறையை இருட்டாக்கி, ஷட்டரை டி-இல் (ஒருமுறை அழுத்தினால் திறந்து, மறுமுறை அழுத்தினால் மூடும் நிலை) திறந்து, ஃபிளாஷை அதன் சோதனைப் பொத்தானால் கையால் அடித்து, மூடிவிடுங்கள். சாக்கெட் வருவதற்கு முன் பலரும் இப்படித்தான் எடுத்தார்கள். ஷட்டரே இல்லாத லென்ஸுக்கு மூடியே போதும்.

எவ்வளவு இருட்டு வேண்டும் என்று கேட்பார்கள். சாதாரண வீட்டு விளக்கில் ஐசோ 100 ஃபிலிமுக்கு, எஃப் 22 அபர்ச்சரில் ஏறத்தாழ 15 நொடி ஆகும். ஒரு நொடியில் திறந்து மூடினால் அறை வெளிச்சம் நாலு ஸ்டாப் குறைவு (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் பாதியாவது அல்லது இரட்டிப்பாவது), விளக்கு போன்ற பளிச்சிடும் இடங்கள் மட்டும் லேசாகப் பதியலாம். முக்கால்வாசி விளக்குகளை அணைத்தால் அந்தக் கவலையும் இல்லை.

அசையாப் பொருளுக்கு இந்த முறை சிங்க்கைவிட மேல். சின்ன ஃபிளாஷில் எஃப் 16 தான் கிடைக்கிறது, உங்களுக்கு எஃப் 32 வேண்டும் என்றால் நாலு தடவை அடியுங்கள். இரண்டு அடி ஒரு ஸ்டாப், நாலு அடி இரண்டு ஸ்டாப். ஒவ்வொன்றுக்கும் முழுதாக சார்ஜ் ஏறும்வரை பொறுங்கள்.

கிட்டத்தில் எடுத்தால் பெல்லோஸ் (லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே உள்ள மடிப்புத் துருத்தி) நீட்சியையும் சேருங்கள். 150 மி.மீ. லென்ஸ் ஃபிலிமிலிருந்து 200 மி.மீ. தள்ளி நின்றால் வெளிச்சம் 1.8 மடங்கு அதிகம் வேண்டும், அதாவது கிட்டத்தட்ட ஒரு ஸ்டாப்.

ஸ்பீட் கிராஃபிக் கேமரா வைத்திருப்பவர்கள் அதன் பின்புறத் திரை ஷட்டரை எலெக்ட்ரானிக் ஃபிளாஷோடு ஓட்டிப் பார்க்க வேண்டாம். அது குறுகிய இடைவெளியாகவே ஃபிலிமைக் கடக்கும், படத்தில் ஒரு பட்டைதான் விழும். திரையை முழுத் திறப்பில் டி-இல் வைத்து மேலே சொன்னபடி கையால் அடியுங்கள்.