முழுசா எடுத்துட்டாத்தான் நிம்மதியா?

கேள்வி: எனக்கு 44 வயது, பள்ளிக்கூடத்தில் வேலை. இடது மார்பில் இரண்டு சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக ஒரு கட்டி, பயாப்சியில் புற்றுநோய் என்று வந்துவிட்டது. கட்டியை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன் கொடுத்தால் போதும் என்கிறார் டாக்டர். மாமியாரோ, "களையை வேரோட பிடுங்காம மேலாப்புல கிள்ளினா மறுபடி முளைக்காதா?" என்கிறார். அதுவும் நியாயமாகத்தான் படுகிறது. இப்படிச் செய்துகொண்டவர்கள் பதினைந்து இருபது வருஷம் கழித்து எப்படி இருக்கிறார்கள் என்று யாராவது பார்த்திருக்கிறார்களா?
- பெயர் வேண்டாம், ஒட்டன்சத்திரம்

பதில்: பார்த்திருக்கிறார்கள் அம்மா, இருபது வருஷம் விடாமல் பார்த்திருக்கிறார்கள். உங்கள் மாமியார் சொல்வதைத்தான் ஒரு காலத்தில் பெரிய பெரிய சர்ஜன்களும் சொன்னார்கள். அமெரிக்காவின் ஹால்ஸ்டெட் 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பரப்பிவிட்ட ஆபரேஷனில் மார்பு, அதற்கு அடியில் இருக்கிற தசை, அக்குள் நெறிகள் எல்லாம் ஒரேயடியாகப் போகும். தோலுக்கடியில் விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரியும், பலருக்குக் கை வீங்கி ரவிக்கைக்குள் நுழையாது. இதுதான் வழி என்று எழுபது வருஷத்துக்கு மேல் ஓடியது.

1973-இல் இத்தாலியின் மிலான் நகரத்தில் உம்பெர்த்தோ வெரோனேசி குழு ஒரு சோதனையை ஆரம்பித்தது. கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்த 701 பெண்கள், அதாவது உங்களைப் போன்றவர்கள். பாதிப் பேருக்கு ஹால்ஸ்டெட் ஆபரேஷன், மீதிப் பேருக்கு மார்பில் கட்டி இருந்த நாலில் ஒரு பாகத்தை மட்டும் எடுத்துவிட்டு ரேடியேஷன். யாருக்கு எது என்பதைக் குலுக்கல் மாதிரிதான் முடிவு செய்தார்கள். 20 வருஷக் கணக்கு 2002-இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது. எந்தக் காரணத்தாலோ இறந்தவர்கள், மார்பை வைத்துக்கொண்டவர்களில் 41.7 சதவீதம், முழுசாக எடுத்தவர்களில் 41.2 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். அமெரிக்காவில் பெர்னார்ட் ஃபிஷர் நடத்திய இன்னும் பெரிய சோதனையும் அதே இதழில் வந்தது, அதிலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை. (அந்தச் சோதனையில் சேர்ந்திருந்த கனடா மருத்துவமனை ஒன்றில் ஒரு டாக்டர் நோயாளிகளின் விவரங்களைப் பொய்யாக மாற்றியிருந்தது 1994-இல் வெளியே வந்து பெரிய ரகளையாகிவிட்டது. அந்த மருத்துவமனையின் நோயாளிகளை மொத்தமாக ஒதுக்கிவிட்டு மறுபடி கணக்குப் போட்டார்கள், பதில் மாறவில்லை.)

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே மார்பில் நோய் திரும்புவது, மார்பை வைத்துக்கொண்டவர்களுக்குக் கொஞ்சம் அதிகம்தான். மிலானில் முழுசாக எடுத்தவர்களில் 8 பேருக்கு அந்த இடத்திலேயே திரும்பி வந்தது, வைத்துக்கொண்டவர்களில் 30 பேருக்கு. மார்பே இல்லாதவர்களுக்கும் 8 என்பதைக் கவனியுங்கள், முழுசாக எடுத்தாலும் பூஜ்யம் ஆகிவிடுவதில்லை. திரும்பி வந்தால் அப்போது முழுசாக எடுக்க வழி இருக்கிறது. இதெல்லாம் எழுபதுகளின் வைத்தியம், இன்றைய மருந்துகளோடு இந்த எண்கள் இன்னும் இறங்கிவிட்டன.

சரி, மாமியாரின் களைக் கணக்கு எங்கே இடறுகிறது? விதை ஏற்கெனவே பக்கத்து வயலுக்குப் பறந்துவிட்டிருந்தால் இந்த வயலை ஆழமாகத் தோண்டி என்ன பிரயோஜனம்? மார்பில் இருக்கிற கட்டி பெரும்பாலும் ஆளைக் கொல்வதில்லை, அங்கிருந்து கிளம்பி எலும்பிலும் ஈரலிலும் நுரையீரலிலும் போய் உட்காருகிற செல்கள்தான் கொல்கின்றன. அவற்றுக்குக் கத்தி எட்டாது, கீமோவும் ஹார்மோன் மாத்திரையும்தான் எட்டும். முழுசாக எடுத்தாலும் அவை தேவைப்படுகிறவருக்குத் தேவைதான்.

"கிள்ளுகிறார்கள்" என்பதும் சரியில்லை. கட்டியைச் சுற்றி நல்ல சதையோடு சேர்த்து எடுத்து, மேல்பக்கம் எது, வெளிப்பக்கம் எது என்று தெரிய ஒரு குட்டை நூல், ஒரு நீள நூல் தைத்து பேத்தாலஜிக்கு அனுப்புவோம். அங்கே அந்தத் துண்டின் வெளிப்புறம் முழுக்க இங்க் தடவி, சீவிச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார்கள். புற்றுச் செல் இங்க்கைத் தொட்டால் ஓரத்தில் மிச்சம் இருக்கலாம் என்று அர்த்தம், மறுபடி போய் இன்னும் கொஞ்சம் எடுக்க வேண்டும். ஆகவே ரிப்போர்ட் வந்ததும் "மார்ஜின் கிளியரா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

எல்லோருக்கும் இது பொருந்தாது. மார்பில் தள்ளித் தள்ளிப் பல இடத்தில் கட்டி, மேமோகிராமில் பரவலாகச் சுண்ணாம்புப் புள்ளிகள், முன்பே நெஞ்சில் ரேடியேஷன் வாங்கியது, இப்படி இருந்தால் யோசிக்க வேண்டும். அம்மா, சித்தி, அக்கா யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்று வந்திருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், ஜீன் பரிசோதனை செய்யச் சொல்வார்கள். இதையெல்லாம் கேட்ட பிறகும் எடுத்துவிட்டால்தான் தூக்கம் வரும் என்று உங்களுக்கே தோன்றினால் அதுவும் தப்பில்லை. உங்களுக்குத் தோன்ற வேண்டும், வீட்டாருக்கு இல்லை.

கேள்வி: என் மனைவிக்கு 51 வயது. கட்டியை எடுத்தாகிவிட்டது, மார்ஜின் கிளியர். புண்ணும் ஆறிவிட்டது. இனி கரண்ட் வைக்கத்தான் வேண்டுமா? தினம் மதுரைக்கு அலைய வேண்டியிருக்கிறது.
- ஒரு வாசகர், நத்தம்

பதில்: வைக்கத்தான் வேண்டும் சார். ஃபிஷர் சோதனையில் ரேடியேஷன் இல்லாமல் விட்டவர்களில் 39 சதவீதம் பேருக்கு 20 வருஷத்துக்குள் அதே மார்பில் திரும்பியது, வாங்கியவர்களில் 14 சதவீதம். கட்டியை மட்டும் எடுத்து நிறுத்துவது பாதி ஆபரேஷன். வயது 65-ஐத் தாண்டி, கட்டி சிறியதாக, ஹார்மோன் மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகையாக இருந்தால் சிலருக்கு விட்டுவிடுவது உண்டு, உங்கள் மனைவி அந்தக் கணக்கில் வரமாட்டார். அப்புறம், "கரண்ட்" என்று நாம் சொன்னாலும் ஷாக் எதுவும் அடிக்காது, எக்ஸ்ரே எடுக்கிற மாதிரிதான், படுத்திருந்தால் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். முன்பு ஐந்து வாரம் கொடுத்தது இப்போது பலருக்கு மூன்று வாரம், 15 தடவைதான். பிரிட்டனில் ஐந்தே தடவையில் ஒரு வாரத்தில் முடிக்கிற முறையையும் சோதித்து 2020-இல் வெளியிட்டார்கள். உங்கள் மனைவிக்கு எத்தனை தடவை என்று ரேடியேஷன் டாக்டரிடம் கேட்டுவிட்டு பஸ் கணக்கைப் போடுங்கள்.