கீழ வலிச்சா மேல எதுக்கு ஸ்கேன்?

கேள்வி: வயசு 29. ரெண்டு வருஷம் முன்னாடி இடது பக்கம் வெரிகோசீல் ஆபரேஷன் பண்ணேன். இப்ப திரும்ப அதே வலி, நின்னா விதைப்பை கனக்குது. டாக்டர் வயிறு, இடுப்பு ரெண்டுக்கும் டாப்ளர் (ரத்த ஓட்டம் பாக்குற ஸ்கேன்) எழுதிருக்கார். காசு புடுங்குறாங்களா?

பதில்: தம்பி, காசு புடுங்குறவங்களும் இருக்காங்க, இல்லேங்கல, ஆனா உங்களுக்கு எழுதுனது தேவையான டெஸ்ட்தான்.

வெரிகோசீல்ங்கறது வேற ஒண்ணுமில்ல, கால்ல நரம்பு சுருட்டிக்குதுன்னு சொல்வோமே, அதே சமாச்சாரம் விதைப்பையில. அங்கருந்து ரத்தம் மேல ஏறணும். வலது பக்க குழாய் சாய்வா போயி நேரா பெரிய ரத்தக்குழாய்ல சேந்துடும், இடது பக்கம் மட்டும் இன்னும் நீளமா ஏறி கிட்னிலருந்து ரத்தம் வர்ற குழாய்ல செங்குத்தா போய் முட்டும், அதான் பத்துல ஒம்பது பேருக்கு இடது பக்கமே வருது. அந்த கிட்னி குழாய் ரெண்டு தமனிக்கு நடுவுல நுழைஞ்சு போகுது பாருங்க, சிலருக்கு அங்க பாக்குவெட்டில மாட்டுன பாக்கு மாதிரி நசுங்கும் (டாக்டருங்களும் நட்கிராக்கர்னுதான் சொல்றாங்க), அப்ப ரத்தம் தேங்கி கீழ இறங்கும். சிலருக்கு யூரின்ல ரத்தமும் போகும்.

இடுப்பு கதை வேற. விந்துக்குழாய ஒட்டி சின்ன சின்ன குழாய்ங்க இடுப்புக்குள்ள இருக்கிற இலியாக் வெயின்ங்கற ரத்தக்குழாய்ல போய் சேருது. 1980லயே கூல்செட்னு ஒரு டாக்டர் வெரிகோசீல மேல் வழி (கிட்னி பக்கம்), கீழ் வழி (இடுப்பு பக்கம்), ரெண்டும்னு மூணா பிரிச்சு வச்சார். உங்களுக்கு மேல் வழிய மட்டும் கட்டிட்டு கீழ் வழி ஒழுகிட்டே இருந்தா திரும்ப வீங்கத்தான் செய்யும். இடது இலியாக் வெயின் மேல வலது தமனி குறுக்க ஏறி அமுக்குறதும் உண்டு, மே-தர்னர்னு பேரு. ஆனா ஒண்ணு, நல்லா இருக்கறவங்களுக்கே ஸ்கேன்ல அந்த அமுக்கம் தெரியும், அத மட்டும் வச்சு யாராச்சும் ஸ்டென்ட் (குழாய விரிச்சு வைக்கிற வலைக்குழல்) போடலாம்னா இன்னொரு டாக்டர்ட்ட கேக்காம தலையாட்டாதீங்க.

திரும்ப வர்றதுக்கு சாதா காரணம், மொத ஆபரேஷன்ல ஒரு சின்ன குழாய் விட்டுப்போயிருக்கும், அவ்ளோதான். அதனால பழைய டிஸ்சார்ஜ் சம்மரிய கையோட எடுத்துட்டு போங்க. விதைப்பை டாப்ளர நிக்க வச்சும் முக்கச் சொல்லியும் எடுக்கணும், படுக்கப்போட்டு மட்டும் எடுத்தா பாதி தெரியாது. எந்த வழின்னு தெரிஞ்சா மைக்ரோஸ்கோப் வச்சு திரும்ப கட்டலாம், இல்ல ஊசி வழியா காயில்ங்கற சின்ன கம்பிச்சுருள் விட்டு அடைக்கலாம்.

படுத்தாலும் வீக்கம் வடியலேன்னா தள்ளிப்போடாதீங்க, கிட்னில கட்டி இருக்கான்னு பாத்தே ஆகணும். சாயங்காலம் இடது கால் வீங்குதான்னு நீங்க எழுதல, வீங்குனா அந்த இலியாக் வெயின் அமுக்கமா இருக்கலாம், அதையும் உங்க டாக்டர்ட்ட சொல்லுங்க.