பதினான்கு ஆய்வுகள் உள்ள ஃபைலை நம்பி அம்மாவுக்கு ஊசி போடலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். இந்த ஆடி மாதம் கோயிலில் பொரிட்ஜ் பிரேயருக்குக் கஞ்சிப் பானை பக்கத்தில் அரை மணி நேரம்கூட அவரால் நிற்க முடியவில்லை. தெரிந்தவர் மூலமாக வந்த ஏஜென்ட் ஒருவர், சென்னையில் ஸ்டெம் செல்லும் (வேறு வகைச் செல்களாக வளரக்கூடிய மூலச் செல்) பிளாஸ்மாவும் (ரத்தத்திலிருந்து பிரித்தெடுக்கும் நீர்ப் பகுதி) கலந்து ஊசி போட்டால் மூட்டில் குருத்தெலும்பு திரும்ப வளரும் என்கிறார். விமானம், தங்குமிடம், இரண்டு காலுக்கும் ஊசி எல்லாம் சேர்த்து 1,85,000 ரேண்ட். ஆதாரமாக 14 ஆய்வுக் கட்டுரைகள் உள்ள ஃபைல் ஒன்றும் கொடுத்திருக்கிறார். படித்துப் பார்த்தேன், ஒன்றும் புரியவில்லை. சனிக்கிழமை 15,000 ரேண்ட் முன்பணம் அனுப்பிவிட்டோம். இது நிரூபிக்கப்பட்ட சிகிச்சைதானா? (வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: இல்லை. மீதிப் பணத்தை அனுப்பாதீர்கள். முன்பணத்தைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு நாள் கணக்கு இருப்பதால் இந்தப் பதிலை உங்களுக்குத் தனியாக முன்கூட்டியே அனுப்பிவிட்டேன்.

ஃபைலின் முதல் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பியது நல்லதாகப் போயிற்று. 14 தலைப்புகளில் மூன்று முயல், ஆட்டு மூட்டுகளில் செய்தவை. இன்னும் பலவற்றில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் மட்டும்தான் இருக்கிறார்கள், போட்டுக்கொள்ளாதவர்கள் இல்லை. ஊசிக்கு முன் வலி பத்துக்கு ஏழு, ஆறு மாதம் கழித்து நான்கு என்று எழுதி முடித்துவிட்டார்கள். நீங்கள் மயங்கியது இந்த வகைக் கட்டுரைகளில்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் புரிகிற மாதிரி இருப்பது இவை மட்டுமே.

வலி ஏழிலிருந்து நான்குக்கு இறங்கியது உண்மையாகவே இருக்கலாம். இறக்கியது ஊசிதான் என்று எப்படித் தெரியும்? தேய்மான வலி ஏறி இறங்கும். மனிதர்கள் டாக்டரைத் தேடுவது வலி உச்சத்தில் இருக்கும்போதுதான். உங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு கிளம்பியது ஆடியில் அம்மாவால் நிற்க முடியாமல் போனபிறகுதானே? உச்சத்திலிருந்து வலி எப்படியும் கொஞ்சம் இறங்கும். அந்த நேரத்தில் எதைச் செய்திருந்தாலும் பெயர் அதற்குப் போய்விடும்.

அதோடு ஊசி என்ற காரியத்துக்கே ஒரு பலன் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2021இல் வெளிவந்த ஒரு சோதனையில், முழங்கால் தேய்மானம் உள்ள 288 பேரைக் குலுக்கல் போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப் பேருக்குப் பிளாஸ்மா ஊசி. மீதிப் பேருக்கு வெறும் உப்புத் தண்ணீர் ஊசி. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, ஊசி போட்டவருக்கும் தெரியாது. ஒரு வருடம் கழித்து, பத்து வரை போகும் அளவுகோலில், பிளாஸ்மாக்காரர்களின் வலி 2.1 இறங்கியிருந்தது. உப்புத் தண்ணீர்க்காரர்களின் வலி 1.8 இறங்கியிருந்தது. குருத்தெலும்பின் அளவிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அந்த உப்புத் தண்ணீர்க் கூட்டத்தை எடுத்துவிட்டு மற்றதை மட்டும் அச்சடித்துப் பாருங்கள், பிளாஸ்மா அருமருந்தாகத் தெரியும். உங்கள் ஃபைலில் உள்ள பல கட்டுரைகளின் கதை இதுதான்.

ஸ்டெம் செல்லுக்கு வருவோம். அமெரிக்காவில் 475 பேரை வைத்துச் செய்த சோதனை 2023இல் வந்தது. மூன்று விதமான செல் ஊசிகளையும், பல வருடமாகப் புழக்கத்தில் இருக்கும் விலை குறைந்த ஸ்டீராய்டு ஊசியையும் ஒப்பிட்டார்கள். ஒரு வருட முடிவில் எந்தச் செல்லும் ஸ்டீராய்டை மிஞ்சவில்லை. 2025இல் காக்ரேன் அமைப்பு, இது பற்றிய சோதனைகளையெல்லாம் சேர்த்து எடைபோட்டது. போலி ஊசியோடு ஒப்பிட்டால் வலி கொஞ்சம் கூடுதலாகக் குறையலாம், பத்தில் ஒரு புள்ளியை ஒட்டி. அந்த முடிவின் உறுதியும் குறைவு என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். ஆக, ‘ஒன்றுமே இல்லை’ என்று நான் சொல்லவில்லை. 1,85,000 ரேண்டுக்கு உங்கள் கையில் வரக்கூடியது அவ்வளவுதான். குருத்தெலும்பு ‘திரும்ப வளரும்’ என்ற வாக்குறுதி ஏஜென்டின் சொந்தச் சரக்கு.

காக்ரேன் 1993இல் தொடங்கியது. தென்னாப்பிரிக்கக் கிளை கேப் டவுனில், மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலுக்குள் இருக்கிறது. ஒரு சிகிச்சை பற்றிய சோதனைகளை, பிடித்தது பிடிக்காதது பார்க்காமல் எல்லாவற்றையும் தேடி எடுத்து, தரம் பார்த்துத் தொகுப்பது இவர்கள் வேலை. ஏஜென்ட் ஃபைலுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதில்தான். கல்யாணத் தரகர் கொண்டு வரும் போட்டோக்களில் யாராவது முகம் கோணியிருந்து பார்த்திருக்கிறீர்களா? 14 நல்ல முடிவுகளைப் பொறுக்கி அடுக்கினால் அது ஆதாரம் ஆகாது. பொறுக்கப்படாமல் விடப்பட்டவை எங்கே என்று கேட்க வேண்டும். காக்ரேன் தொகுப்புகளில் சிலவற்றுக்கு எளிய தமிழ்ச் சுருக்கமும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போடும் ‘தொகுப்பாய்வு’ என்ற பெயரைப் பார்த்ததும் தலைவணங்கவும் வேண்டாம். ஐவர்மெக்டின் ஞாபகம் இருக்கிறதா? கோவிட் நாட்களில் டர்பனில் மாட்டு மருந்தைத் தேடி அலைந்தவர்கள் நம் ஆட்களிலும் உண்டு. அப்போதும் தொகுப்பாய்வுகளைத்தான் காட்டினார்கள். அவற்றுக்கு முட்டுக்கொடுத்து நின்ற எகிப்து ஆய்வு ஒன்றின் தரவுகளே கோளாறு என்று தெரிந்து, 2021 ஜூலையில் அது திரும்பப் பெறப்பட்டது. அதை எடுத்துவிட்டுக் கணக்குப் போட்டபோது உயிரைக் காக்கும் என்ற கதை ஆட்டம் கண்டது. பிறகு வந்த பெரிய சோதனைகளில் பலன் ஒன்றும் தெரியவில்லை.

இப்போது ஏஜென்ட்களைப் பற்றி. கொஞ்சம் நீளமாகத்தான் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். சென்னையில் நல்ல எலும்பு மருத்துவர்கள் ஏராளம், என் குறை அவர்கள் மேல் இல்லை. இங்கே ஒரு மருத்துவர் நோயாளியை அனுப்பிவைத்துக் கமிஷன் வாங்கினால் அது தொழில் விதிப்படி குற்றம், மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஏஜென்ட் மருத்துவர் இல்லையே! அவரை அந்த விதி தொடாது. கோயில் கமிட்டியில் முகம் தெரிந்தவர், காவடிக்கு வருகிறவர், ‘ஆன்ட்டி’ என்று அம்மாவின் கையைப் பிடித்துப் பேசுகிறவர், இது போதும் அவருக்கு. பிறகு வாட்ஸ்ஆப்பில் நடந்து காட்டும் வீடியோ. ஊசி போட்ட மறுநாளே படி ஏறும் பாட்டி! ஊசியோடு மரத்துப்போகும் மருந்தோ ஸ்டீராய்டோ சேர்த்துப் போட்டிருந்தால் மறுநாள் யாரும் படி ஏறலாம். ஆறு மாதம் கழித்து எடுத்த வீடியோவைக் கேளுங்கள், வராது. ‘இந்த மாதம் மூன்று இடம்தான் பாக்கி’ என்பார். உண்மையான மருத்துவமனையில் அடுத்த மாதமும் இடம் இருக்கும்.

அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இது சோதனையா, அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையா? சோதனை என்றால், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்டெம் செல் வழிகாட்டுதல்படி நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. சோதனையின் பதிவு எண்ணும் இருக்க வேண்டும். அங்கீகரிக்கப்பட்டது என்றால், ஊசியில் இருக்கும் பொருளின் பெயர் என்ன, இந்த நோய்க்கு என்று அங்கீகாரம் கொடுத்த கடிதம் எங்கே? எழுத்தில் வேண்டும். ‘உங்கள் சொந்தச் செல்தானே, அதற்கு அனுமதி எதற்கு’ என்ற பதில் வந்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.

இங்கேதான் அவர் இன்சுலினை இழுப்பார். எல்லா ஏஜென்டும் இழுப்பார்கள், எங்கே கற்றுக்கொள்கிறார்களோ. ‘இன்சுலினுக்குப் போலி ஊசிச் சோதனையா நடந்தது?’ நியாயமான கேள்விதான், அதனால் முழுசாகவே பதில் சொல்கிறேன். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு இன்சுலின் போட்டார்கள். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, மருந்தில் கசடு இருந்தது. சுத்தம் செய்து மறுபடி போட்டதும் ரத்தச் சர்க்கரை சரிந்தது, பையன் தேறினான். அதற்கு முன்னால் அந்த வகைச் சர்க்கரை நோய் வந்த பிள்ளைகள் பிழைத்ததில்லை. அதாவது, மருந்து போடாவிட்டால் என்ன ஆகும் என்பது சந்தேகமே இல்லாமல் தெரிந்திருந்தது. மாற்றம் பெரிதாகவும் உடனடியாகவும் வந்தது. நிறுத்தினால் நோய் திரும்பியது. அடுத்தடுத்த பிள்ளைகளிடமும் அதே கதை. இவ்வளவும் சேர்ந்து வந்தால் குலுக்கல் தேவையில்லை, நானும் கேட்க மாட்டேன். மூட்டுத் தேய்மானத்தில் இதில் எது இருக்கிறது? ஊசி போடாவிட்டால் என்ன ஆகும் என்று நிச்சயமாகத் தெரியாது. மாற்றம் பத்தில் ஒன்றோ இரண்டோ. அதையும் நோயாளி வாயால் சொல்லித்தான் தெரியும். இப்படிப்பட்ட நோய்க்கு ஒப்பீடு இல்லாத ஆய்வு நூறு இருந்தாலும் பயன் இல்லை. ஆகவே இன்சுலின் விதிவிலக்கு உண்டு, உங்கள் அம்மாவின் முழங்காலுக்கு இல்லை.

நம் நாட்டு ஒழுங்குமுறை உங்களைக் காப்பாற்றும் என்று உட்கார்ந்திருக்காதீர்கள். பழைய மருந்து கவுன்சிலுக்குப் பதிலாக 2018இல் சாப்ரா என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு வந்தபோது, முடிவாகாத விண்ணப்பங்கள் மட்டும் சுமார் 16,000 அதன் தலையில் விழுந்தன. சென்னையில் போடும் ஊசியைச் சாட்ஸ்வர்த்தில் விற்பவரைப் பிடிக்க அங்கே யாருக்கு நேரம்? அரசு மருத்துவமனையில் மூட்டு மாற்றுக்கு வரிசையில் நின்றால் வருடக் கணக்கில் காத்திருக்க வேண்டும். மெடிக்கல் எய்ட் (தனியார் மருத்துவக் காப்பீடு) வைத்திருப்பவருக்கு அதிலுள்ள சேமிப்புக் கணக்கு ஜூன், ஜூலையிலேயே காலி. அப்புறம் நம் பங்காகக் கட்ட வேண்டிய இணைக்கட்டணம், முன் அனுமதி, ‘அது எங்கள் நெட்வொர்க் மருத்துவமனை இல்லை’ என்ற தொலைபேசிக் குரல். இந்தச் சலிப்பில்தான் ஏஜென்ட் பிழைக்கிறார். அவருடைய வாட்ஸ்ஆப் மட்டும் இரவு பத்து மணிக்கும் பதில் சொல்கிறது!

சரி, அம்மாவுக்கு என்னதான் செய்வது? உடற்பயிற்சி. சலித்துக்கொள்ளாதீர்கள், அதையும் அதே தராசில் வைத்தே சொல்கிறேன். 2024இல் காக்ரேன் புதுப்பித்த தொகுப்பின்படி, அதன் பலனும் பத்தில் ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் குறைவுதான். அதிசயம் இல்லை. ஆனால் செலவு ஃபிசியோவிடம் சில தடவை போவது மட்டும்தான், மூட்டுக்குள் எதையும் செலுத்த வேண்டியதும் இல்லை. தொடைத் தசைக்கான பயிற்சியை அவரிடம் கற்றுக்கொண்டு வீட்டில் தொடரலாம். எடை அதிகம் என்றால் குறைப்பது. மேலே தடவும் வலி ஜெல். மாத்திரை என்றால் சிறுநீரகம், ரத்த அழுத்தம் இரண்டையும் பார்த்து குடும்ப டாக்டர் (ஜி.பி.) சொல்லட்டும். நம் வீடுகளில் அந்த வயதில் சர்க்கரை இல்லாதவர் யார்?

கேமரா விட்டு மூட்டைச் ‘சுத்தம்’ செய்யலாம் என்று யாராவது சொன்னால் வேண்டாம். 2002இல் வெளிவந்த அமெரிக்கச் சோதனை ஒன்றில் 180 பேரை வைத்துப் பார்த்தார்கள். சிலருக்குத் தோலை மட்டும் கீறித் தைத்துவிட்டார்கள். நிஜ அறுவை அந்தப் பொய் அறுவையை மிஞ்சவில்லை.

இதெல்லாம் செய்தும் இரவில் தூங்க விடாத வலி, கடைக்குக்கூட நடக்க முடியாத நிலை என்றால், மூட்டு மாற்று அறுவை பற்றி எலும்பு மருத்துவரிடம் பேசுங்கள். 2015இல் வந்த ஒரு சோதனையில் 100 பேரைப் பிரித்து, பாதிப் பேருக்கு அறுவையோடு பயிற்சி, மீதிப் பேருக்குப் பயிற்சி போன்றவை மட்டும் என்று பார்த்தார்கள். அறுவை செய்துகொண்டவர்களுக்கு வலி தெளிவாகவே அதிகம் குறைந்தது. கடுமையான பக்கவிளைவுகளும் அவர்களுக்குத்தான் அதிகம். இரண்டையும் அம்மாவிடம் சொல்லிவிட்டு முடிவை அவரிடம் விடுங்கள். முழங்கால் அவருடையது. அரசு வரிசையில் பெயரை இப்போதே போட்டு வையுங்கள், வேண்டாம் என்றால் பிறகு எடுத்துக்கொள்ளலாம்.

முன்பணத்துக்கு வருகிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008, பிரிவு 16: விற்பவர் தானாக உங்களைத் தேடி வந்து விற்றிருந்தால், ஐந்து வேலை நாட்களுக்குள் காரணம் சொல்லாமலே ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். சனிக்கிழமை கட்டியிருப்பதால், திங்களிலிருந்து எண்ணினால் வெள்ளி வரை நேரம் இருக்கிறது. அந்த நாள் தாண்டினாலும், பிரிவு 17இன்படி முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அவர் நியாயமான ஒரு தொகையைத்தான் பிடிக்கலாம், முழுவதையும் விழுங்க முடியாது. தொலைபேசியில் சொல்லாதீர்கள், உருக்கமாகப் பேசி மனதை மாற்றிவிடுவார். இரண்டு வரி மின்னஞ்சல், அதே வரிகள் வாட்ஸ்ஆப்பிலும், பணம் அனுப்பிய ரசீதோடு. அம்மாவின் பாஸ்போர்ட்டை விசாவுக்கென்று வாங்கி வைத்திருந்தால் அதையும் அதே கடிதத்தில் திருப்பிக் கேளுங்கள்.