விழாவை இறக்குங்கள், விளக்கை விட்டுவிடுங்கள்

கேள்வி: கிறிஸ்துமஸ் முடிந்து ஜனவரி மூன்றாம் வாரமும் ஆகிவிட்டது. எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் மரம், குடில், ஜன்னல் விளக்குச் சரங்கள், வாசற்கதவில் மாட்டிய பச்சை இலை வளையம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒவ்வொரு சனிக்கிழமையும் கழற்றிவிடலாம் என்று நினைப்பேன், கை வராது. நாங்கள் இருப்பது குளிர்நாடு. இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்புகிறோம். வீட்டுக்குள் நுழைந்ததும் அந்த விளக்குகள்தான் ஆறுதல். அவற்றையும் எடுத்துவிட்டால் வீடு வெறிச்சென்று ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது. கணவரோ, "நீதானே ஆசைப்பட்டு மாட்டினே, நீயே கழட்டு" என்கிறார். ஜனவரி 6 தாண்டி வைத்திருந்தால் வீட்டுக்கு ஆகாது என்று தோழி ஒருத்தி வேறு சொல்லிவிட்டாள். மரத்தை எடுக்கலாமா என்று கேட்டாலே ஐந்து வயது மகன் அழுகிறான். விடுமுறைக்குப் பிறகு தூக்கம், சாப்பாடு எதுவும் பழைய ஒழுங்குக்கு வரவில்லை. நான் சோம்பேறியாகிவிட்டேனா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புச் சகோதரி,

நீங்கள் சோம்பேறியாகவில்லை. இருட்டில் போய் இருட்டில் வருகிறவர், வீட்டில் இருக்கும் ஒரே வெளிச்சமான மூலையைத் தன் கையாலேயே கலைக்கத் தயங்குகிறார். அவ்வளவுதான். உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன. பண்டிகை முடிந்துவிட்டது, அதற்குரியதை எடுத்துவைக்க வேண்டும் என்பது ஒன்று. குளிர்காலம் இன்னும் முடியவில்லை, அதைத் தாண்ட வெளிச்சம் வேண்டும் என்பது இன்னொன்று. முதலாவதைச் செய்தால் இரண்டாவதும் போய்விடும் என்று நினைப்பதால்தான் கை வரவில்லை. மரத்தையும் குடிலையும் எடுத்துவிடுங்கள். விளக்குச் சரங்களை விட்டுவிடுங்கள். அவை கிறிஸ்துமஸுக்கு மட்டும்தான் எரிய வேண்டும் என்று யாரும் சட்டம் போடவில்லை.

தோழி சொன்னதை நினைத்துப் பயப்படாதீர்கள். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்களும் அதோடு முடிந்தன என்று சில நாடுகளில் 5-ஆம் தேதி இரவோ மறுநாளோ அலங்காரத்தை இறக்கிவிடுவார்கள். ஸ்வீடனில் அதற்குரிய நாள் ஜனவரி 13. கத்தோலிக்கத் திருவழிபாட்டிலோ, ஆண்டவரின் திருமுழுக்கு விழாவோடுதான் கிறிஸ்துமஸ் காலம் நிறைவடைந்து பொதுக்காலம் தொடங்குகிறது. பிப்ரவரி 2, ஆண்டவரைக் காணிக்கையாக்கிய விழா. அதுவரை குடிலை வைத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. இப்படி இடத்துக்கு ஒரு தேதி இருக்கும்போது, உங்கள் வீட்டை மட்டும் எந்தத் தேதி வந்து பிடிக்கப்போகிறது?

வெளிச்சத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். பூமியின் வடபாதியில் ஆண்டின் மிகக் குறுகிய பகல் டிசம்பர் 21 அல்லது 22-இல் வருகிறது. அதன் பிறகு பகல் நீள்கிறது என்று பள்ளியில் படித்திருக்கிறோம். ஆனால் ஜனவரிக் காலையில் எழுந்து ஜன்னலைப் பார்த்தால் நம்பிக்கை வராது. பூமியின் அச்சு சாய்ந்திருக்கிறது. அது சூரியனைச் சுற்றும் பாதையும் சரியான வட்டம் இல்லை. இரண்டும் சேர்ந்து, இந்த மாதங்களில் சூரியன் உச்சிக்கு வரும் நேரத்தை நாளுக்கு நாள் சற்றே பின்னுக்குத் தள்ளுகின்றன. அதனால் கூடும் பகலில் பெரும்பங்கு மாலைக்கே போய்விடுகிறது. லண்டன், நியூயார்க் போன்ற நகரங்களில் சூரியன் மிகத் தாமதமாக உதிப்பது அந்தக் குறுகிய பகலன்று இல்லை, அதையும் தாண்டி ஆண்டு மாறும் வேளையில்தான். ஜனவரி 20 வாக்கில் மாலை, டிசம்பர் தொடக்கத்தைவிட ஏறத்தாழ அரை மணி நேரம் நீண்டிருக்கும். காலையோ, சூரியன் மிகத் தாமதமாக உதித்த நாளைவிடச் சில நிமிடங்கள்தான் முன்னேறியிருக்கும். விடுமுறையில் தாமதமாக எழுந்து பழகிய உடம்பு, அந்த இருட்டுக் காலையில் வேலைக்கும் பள்ளிக்கும் கிளம்ப வேண்டியிருக்கிறது. மலைப்பாகத்தான் இருக்கும்.

நீங்கள் விளக்கு போடுவது மாலையில், உங்களுக்குச் சிரமமாக இருப்பதோ பெரும்பாலும் காலை. அதனால் ஜன்னலில் இருக்கும் சரங்களில் ஒன்றைக் கழற்றி, காலையில் எல்லோரும் உட்காரும் சாப்பாட்டு மேசைப் பக்கம் மாட்டுங்கள். நேரம் குறித்துவைக்கும் டைமர் பிளக் ஒன்றில் செருகி, நீங்கள் எழுந்திருப்பதற்குப் பத்து நிமிடம் முன்பே எரியும்படி வையுங்கள். நட்சத்திரம், மணி, சிவப்பு பச்சை எல்லாம் பெட்டிக்குப் போகட்டும். வெண்மஞ்சள் நிறச் சரம் மட்டும் போதும். பிப்ரவரி முடியும்வரை எரியட்டும்.

இதில் ஒன்றை மறைக்க விரும்பவில்லை. சரவிளக்கு மனசுக்கு ஆறுதல், உடம்புக்கு அது போதாது. நம் உள்கடிகாரத்தைத் திருப்பி வைப்பது பகல் வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். வீட்டுக்குள் மாலையில் எரியும் விளக்கொளி சில நூறு லக்ஸைத் தாண்டுவது அரிது. மேகம் மூடிய நண்பகலில்கூட வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும். இருட்டில் போய் இருட்டில் வரும் உங்களுக்கு மிச்சம் இருப்பது மதிய இடைவேளைதான். இருபது நிமிடம் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டு வாருங்கள். மற்ற எந்த யோசனையை விட்டாலும் இதை விடாதீர்கள்.

அடுத்து உங்கள் கணவர். அவர் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை. மாட்டும்போது வீடே கூடி நிற்கிறது, ஒருவர் ஏணியைப் பிடிக்கிறார், பாட்டு ஓடுகிறது, படம் எடுக்கிறார்கள். கழற்றும் நாளில் மட்டும் ஒருத்தி தனியாக நிற்கிறாள், பெரும்பாலும் பாத்திரமெல்லாம் கழுவி முடித்த பிறகு. அந்த வெளிச்சத்தில் அவரும்தானே ஒரு மாதம் உட்கார்ந்திருந்தார்? இதைச் சண்டையாகக் கேட்க வேண்டாம். "கொஞ்சம் உதவி செய்யுங்களேன்" என்றும் கேட்க வேண்டாம். உதவி என்று சொல்லிவிட்டால் வேலை உங்களுடையது என்று ஆகிவிடும். நாளும் நேரமும் சொல்லி ஒரு பங்கைக் கொடுங்கள்: "சனிக்கிழமை பதினோரு மணிக்குக் கழட்டறோம். மரத்தை மடிச்சுப் பெட்டியில வெச்சு மேலே ஏத்தறது உங்க பொறுப்பு." அவர் மடிக்கும்போது நீங்கள் போய்த் திருத்த வேண்டாம். கிளை கொஞ்சம் கோணலாகப் போனாலும் அடுத்த டிசம்பரில் விரித்துக்கொள்ளலாம்.

கதவில் இருக்கும் இலை வளையத்துக்கு மட்டும் சனிக்கிழமைவரை காத்திருக்காதீர்கள். ஓர் இலையை விரலால் நசுக்கிப் பாருங்கள். நொறுங்கினால் இன்றே எடுத்துவிடுங்கள். காய்ந்த இலைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியோ சூடான பல்போ இருப்பது ஆபத்து. நிஜமான மரம் வைத்திருக்கும் வாசகர்களுக்கும் சொல்கிறேன்: ஊசியிலைகள் தொட்டாலே கொட்டும் அளவுக்குக் காய்ந்த மரம், பொறி பட்டால் சில விநாடிகளில் மளமளவென்று பற்றிக்கொள்ளும். அதை வீட்டுக் கணப்பில் போட்டு எரிக்கவும் கூடாது. பிசின் சடசடவென்று தெறிக்கும், புகைபோக்கியிலும் தீப்பிடிக்கலாம்.

சனிக்கிழமை வேலையைப் பகலில் தொடங்குங்கள். முதலில் கண்ணாடி உருண்டைகள். கொக்கியைப் பிடித்துத் தூக்கிவிடாதீர்கள். மேலே இருக்கும் உலோக மூடியை உள்ளே விரிந்து நிற்கும் மெல்லிய கம்பிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது தளர்ந்திருந்தால் மூடி கையோடு வந்துவிடும், உருண்டை தரையில் சிதறும். ஒரு கை உருண்டைக்கு அடியில் இருக்கட்டும், இன்னொரு கையால் கொக்கியைக் கிளையிலிருந்து விலக்குங்கள். பிறகு ஜிகினா மாலைகள், கடைசியாக மரத்தில் சுற்றிய விளக்கு. அதைச் சுருட்டும் முன் ஒருமுறை எரியவிட்டுப் பாருங்கள். எரியாததைப் பெட்டியில் வைத்து அடுத்த ஆண்டுக்குத் தள்ள வேண்டாம். கையளவு அட்டையில் ஓரத்தில் ஒரு கீறல் போட்டு, வயரின் நுனியை அதில் செருகிச் சுற்றினால் சிக்கு விழாது. குடில் சுரூபங்களைப் பழைய பருத்தித் துணியில் சுற்றுங்கள். செய்தித்தாளின் மை வெள்ளை உடுப்பில் ஒட்டிவிடும். பேட்டரியில் எரிந்த நட்சத்திரங்களிலிருந்து பேட்டரியை எடுத்துவிடுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து கெடுத்துவிடும்.

மகன் பள்ளிக்குப் போயிருக்கும்போது மரத்தை எடுத்துவிடலாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். திரும்பி வந்து காலியிடத்தைப் பார்க்கும் குழந்தைக்கு அது ஏமாற்றப்பட்டது போல இருக்கும். ஸ்வீடனில் ஜனவரி 13-ஐ ஒட்டி மரத்தைக் கழற்றுவதையே குழந்தைகளுக்கான கொண்டாட்டமாக வைத்திருக்கிறார்கள்: மரத்தைச் சுற்றிப் பாடி ஆடி, அதில் தொங்கும் இனிப்புகளை அவர்களே பறித்துத் தின்று, பிறகு மரத்தை வழியனுப்புகிறார்கள். உங்கள் வீட்டிலும் முதல் பொம்மையைக் கழற்றும் உரிமை அவனுக்கே இருக்கட்டும். ஒன்றே ஒன்றை அவன் தேர்ந்தெடுத்துத் தன் அறையில் வைத்துக்கொள்ளட்டும். பெட்டிகளின் மேல் என்ன இருக்கிறது என்று அவனையே படம் வரையச் சொல்லுங்கள். அழுதால் அழட்டும். அவனுக்குப் பிடித்த ஒன்று முடிகிறது, அழுவதில் தப்பில்லை.

அன்றாட ஒழுங்கை அதே வாரத்தில் மொத்தமாகச் சரிசெய்ய முயல வேண்டாம். எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள். தூங்கும் நேரத்தைக் கட்டாயப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும். ஞாயிறு உட்பட ஒரே நேரத்தில் எழுந்தால் இரவுத் தூக்கம் தானாக முன்னே வரும். மகனைத் தினமும் பத்துப் பதினைந்து நிமிடம் முன்னதாகப் படுக்க வையுங்கள். சாப்பாட்டு நேரம் இவற்றின் பின்னாலேயே வந்துவிடும்.

கடைசியாக ஒன்று. பண்டிகை முடிந்த வெறுமை சில நாட்களில் கரைந்துவிடும். ஆனால் நாள் முழுக்கச் சோர்வு, தூங்கியும் தீராத தூக்கம், இனிப்பின் மேல் ஓயாத ஆசை, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டாமை என இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், அல்லது ஒவ்வொரு குளிர்காலத்திலும் இதே நிலை திரும்பினால், அது வேறு. பருவகால மனச்சோர்வு என்று ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் நார்மன் ரோசென்தாலும் உடன் பணியாற்றியவர்களும் 1984-இல் அதை விவரித்து எழுதினார்கள். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் விளக்கின் முன் உட்காருவது அவற்றில் ஒன்று. கண் நோய் உள்ளவர்களும், மனநிலை மிக உயர்ந்தும் தாழ்ந்தும் மாறும் இருமுனைக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அந்த விளக்கை வாங்கக் கூடாது. உங்களுக்கு இந்த அறிகுறிகள் இருந்தால், வசந்தம் வந்தால் சரியாகிவிடும் என்று தள்ளிப்போடாமல் இந்த வாரமே மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள்.