‘அன்பளிப்பு’ என்று ஒட்டி வந்த 12 புடவைகள்

கேள்வி: சுங்கை சிப்புட்டில் தோட்டத்தை ஒட்டிய தாமான் குடியிருப்பில் இருக்கிறேன். தீபாவளிக்காக நானும் நான்கு தோழிகளும் சேர்ந்து சூரத் கடை ஒன்றில் ஆன்லைனில் 12 புடவைகள் வாங்கினோம். புடவை 3,600 வெள்ளி (ரிங்கிட்), கூரியர் 400 வெள்ளி, எல்லாம் என் பெயரில். வரி வராமல் இருக்க ‘அன்பளிப்பு, 150 வெள்ளி’ என்று எழுதச் சொல்லிக் கடைக்காரருக்கு வாட்ஸ்அப் அனுப்பினேன். பார்சல் சுங்கத்துறையில் நிற்கிறது. உண்மையான இன்வாய்ஸ் கேட்கிறார்கள். 900 வெள்ளிக்குப் புது இன்வாய்ஸ் போட்டுத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். அதைக் கொடுக்கலாமா? கூரியர் மீதும் கடைக்காரர் மீதும் வழக்குப் போட முடியுமா?

பதில்: அம்மா, உங்கள் கடிதம் மூன்று பக்கம். இரண்டரைப் பக்கம் நாத்தனார் என்ன பேசினார், கூரியர் அலுவலகத்தில் எப்படி அலையவிட்டார்கள், தீபாவளி எப்படிப் போனது என்பதுதான். வருத்தம் புரிகிறது, ஆனால் அதெல்லாம் கோர்ட்டுக்கு வேலையில்லாத விஷயம். கூரியரை விட்டுவிடுங்கள், ஒட்டியிருந்த சீட்டை வைத்து அறிவித்தார்கள், அவ்வளவுதான். சூரத் கடைக்காரருக்கு எதிராக இங்கே தீர்ப்பு வாங்கினாலும் அதைக் காட்டி அங்கே வசூலிக்க ஆகும் செலவும் அலைச்சலும் உங்களுக்குக் கட்டுப்படியாகாது.

உங்கள் விஷயத்தில் முக்கியமானது ஒன்றுதான். இதுவரை எந்தத் தாளிலும் நீங்கள் கையெழுத்துப் போடவில்லை. சீட்டில் இருக்கும் பொய் அனுப்பியவர் எழுதியது. உங்கள் வாட்ஸ்அப் செய்தியால் அதில் உங்களுக்கும் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த 900 வெள்ளி இன்வாய்ஸை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்தால், அது முழுக்க உங்கள் பொய். மலேசியாவின் 1967ஆம் ஆண்டு சுங்கச் சட்டத்தின் 133ஆவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. தவறான அறிவிப்பு, போலி ஆவணம் இரண்டுமே அதில் வரும். ஐந்து ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். ‘எனக்குத் தெரியாது, கடைக்காரர் கொடுத்ததைக் கொடுத்தேன்’ என்பது தற்காப்பு ஆகாது என்றும் அதே பிரிவு சொல்லிவிடுகிறது.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது தாளில்தான் மாட்டியிருப்பார்கள். முதல் பொய்க்கு வரியும் கம்பவுனும் (கோர்ட்டுக்குப் போகாமல் முடிக்கக் கட்டும் தண்டத் தொகை) கட்டி முடித்திருக்கலாம். ஒருவர் கொண்டுவந்த ‘திருத்திய’ இன்வாய்ஸ் இன்னும் நினைவில் இருக்கிறது. பழைய இன்வாய்ஸின் அதே எண். தொகை எண்ணில் 18,000 ரூபாய். கீழே எழுத்தில் ‘எழுபத்தெட்டாயிரம் மட்டும்’ என்று அப்படியே நின்றது, அதை மாற்ற மறந்துவிட்டார்கள். அதிகாரி அந்த வரியின் மேல் பேனாவை வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தாராம். உங்கள் கடைக்காரர் கெட்டிக்காரராக இருந்து எழுத்தையும் மாற்றிவிடலாம். அப்புறம் பணம் அனுப்பிய பேங்க் ரசீதைக் கேட்பார்கள். அதில் 4,000 வெள்ளி இருக்கிறது. அதையும் திருத்துவீர்களா?

இத்தனையும் எதற்காக என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். புடவைக்கு இறக்குமதி வரி உண்டா, எவ்வளவு என்பது அதன் வரிக் குறியீட்டைப் பொறுத்தது, அதைத் தனியாக வையுங்கள். விற்பனை வரி 10 சதவீதம் என்றே வைத்துக்கொள்வோம். கூரியர் செலவையும் சேர்த்துத்தான் கணக்கு, ஆக 4,000 வெள்ளிக்கு வரி 400 வெள்ளி. ஐந்து பேரும் முதலிலேயே பேசிப் பகிர்ந்திருந்தால் தலைக்கு 80தான் வந்திருக்கும்.

‘500 வெள்ளிக்குள் வரி இல்லையே, பிரித்துப் பிரித்து அனுப்பச் சொல்லியிருக்கலாம்’ என்று தோழி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அது பழைய கதை. 500 வெள்ளிக்குள் இருக்கும் ஆன்லைன் பொருளுக்கும் 2024 ஜனவரி 1 முதல் 10 சதவீத விற்பனை வரி உண்டு. பதிவு பெற்ற விற்பனையாளர் அதை விலையோடு சேர்த்து வாங்கிவிடுவார். ஒரே ஆர்டரைத் துண்டு போட்டு அனுப்பச் சொன்னால் அதுவும் ஒரு வாட்ஸ்அப் சாட்சிதான்.

இன்னொருவர் உங்களைத் தேடி வருவார், இதுவரை வராவிட்டாலும். ‘உள்ளே ஆள் தெரியும், 500 வெள்ளி கொடுங்கள், எடுத்துத் தருகிறேன்’ என்பார். அது லஞ்சம். வாங்குகிறவரோடு கொடுக்கிறவரும் குற்றவாளிதான். வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

இப்போது வந்த கடிதத்தை எடுங்கள். அதில் மலாயில் ‘டித்தாஹான்’ என்று இருக்கிறதா, ‘டிராம்பாஸ்’ என்று இருக்கிறதா? முதலாவது என்றால் விவரம் கேட்டு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். இரண்டாவது என்றால் பறிமுதல். பறிமுதலான நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் உரிமை கோராவிட்டால், வழக்கு எதுவும் இல்லாத நிலையில் 128ஆவது பிரிவின்படி சரக்கு கைவிட்டுப் போய்விடும். அந்த ஒரு மாதத்தை நாத்தனாரிடம் சண்டை போட்டே கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

உண்மையான இன்வாய்ஸ், பேங்க் ரசீது இரண்டையும் எடுத்துக்கொண்டு, ஈப்போவில் ஒரு வழக்கறிஞரோடு போங்கள். வாக்குமூலம் எடுப்பதற்கு முன்பே அவர் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், பிறகல்ல. வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள். அழித்தால் கடைக்காரர் போனில் அது இருக்கும், உங்கள் போனில் இல்லாதது மட்டும் கேள்வியாகும். வரியைக் கட்டுங்கள். 131ஆவது பிரிவின்படி கம்பவுன் கொடுக்க முன்வந்தால் பேரம் பேசாமல் கட்டிவிடுங்கள். கோர்ட்டுக்குப் போய் நேர்மையை நிரூபிக்கும் வழக்கு இது இல்லை.

கடைசி வரியில் போகிறபோக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: ஒரு புடவைக்கு 30 வெள்ளி வீதம் கமிஷன் எடுத்தீர்களாம். கடிதம் அங்கேதான் தொடங்கியிருக்க வேண்டும். கமிஷன் வாங்கிய பிறகு ‘சொந்த உபயோகம்’ என்று அதிகாரியிடம் சொல்லாதீர்கள். தோழிகளைப் பொறுத்தவரை நீங்கள் விற்பனையாளர். ஐந்து வெள்ளி கட்டி நுகர்வோர் தீர்ப்பாயத்தில் அவர்கள் உங்கள் மேல் மனுப் போடலாம். அங்கே 50,000 வெள்ளி வரை கேட்க இடமுண்டு. அதற்கு முன்னால், வந்தால் புடவை, வராவிட்டால் கமிஷனோடு முழுப்பணம் என்று நால்வருக்கும் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வரியையும் கம்பவுனையும் அவர்கள் தலையில் வைக்க முடியாது. ‘அன்பளிப்பு’ என்று எழுதச் சொன்னது அவர்கள் இல்லையே.