சும்மா கொடுப்பானேன்?

கேள்வி: என் மச்சான் வேலை முடிந்து வந்ததும் உப்புவெளி ஒழுங்கைகளையும் கடைகளையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற பொது இணைய வரைபடத்தில் குறித்துக்கொண்டே இருக்கிறான். ஐந்து சதம் கிடைப்பதில்லை. இது என்ன பித்து?
— வாசகர், உப்புவெளி

பதில்: பித்தெல்லாம் இல்லை. நான் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. என் பெரியப்பா கரை வந்ததும் நீரோட்டம் எப்படி, கச்சான் காற்று எப்போது தணியும் என்று நிற்கிறவர் எல்லோருக்கும் சத்தமாகச் சொல்வார். பாரை மீன் எங்கே பட்டது என்று கேட்டால் மட்டும் வலையில் சிக்கெடுக்கக் குனிந்துவிடுவார். சொந்தத் தம்பி கேட்டாலும் அதே குனிவுதான். காற்றைப் பற்றிச் சொன்னால் காற்றுக் குறைவதில்லை, மீன் குறையும். உங்கள் மச்சான் கொடுப்பது காற்றுச் சேதி. 2004இல் தொடங்கிய அந்த வரைபடம் இப்படிப்பட்ட மச்சான்மாரால்தான் வளர்ந்தது.

அதற்காக எல்லாம் தர்மம் என்றும் நினைத்துவிடாதீர்கள். அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வகம் பறவைப் பாதுகாப்பு அமைப்பான ஆடுபான் சங்கத்தோடு சேர்ந்து 2002இல், பறவை பார்ப்பவர்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் என்ற இணையப் பதிவேட்டைத் தொடங்கியது. அறிவியலுக்கு உதவுங்கள் என்று கேட்டவரை வரவு மந்தம். பறவை பார்ப்பவர்கள் தங்கள் பட்டியலைத் தாங்களே பேணவும், அடுத்தவருடையதோடு ஒப்பிடவும் வசதி வந்த பிறகுதான் பதிவுகள் குவிந்தன. இதுவரை எத்தனை திருத்தம் செய்தாய் என்று மச்சானிடம் கேட்டுப் பாருங்கள். யோசிக்காமல் எண்ணைச் சொல்வான்.

கேள்வி: டச் பே கடற்கரையில் காலையில் ஓடி, அதை ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பதிவுச் செயலியில் போடுகிறேன். தோழியர் பாராட்டுகிறார்கள். கணவர் நிறுத்தச் சொல்கிறார்.
— வாசகி, திருகோணமலை

பதில்: ஓட்டத்தை நிறுத்த வேண்டாம். பாராட்டு இல்லாவிட்டால் பாதிப்பேர் விடியலில் எழும்பவே மாட்டார்கள். ஆனால் 2017இல் ஸ்ட்ராவா நிறுவனம் எல்லோருடைய ஓட்டத்தையும் சேர்த்து ஒரு வரைபடம் வெளியிட்டது. சிரியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் இருந்த படைமுகாம்களின் உருவம் அதில் பளிச்சென்று தெரிந்ததை அடுத்த ஜனவரியில் உலகம் கண்டுகொண்டது. அந்தச் சிப்பாய்களும் உங்களைப் போல் உடம்பைப் பேண ஓடியவர்கள்தான். கடற்படை நகரத்தில் இருப்பவருக்கு இதற்குமேல் விளக்க வேண்டுமா? ஓட்டம் தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் மறைக்கும் வசதி செயலியிலேயே உண்டு. வீட்டு வாசலை மறையுங்கள்.

கேள்வி: கைத்தொலைபேசி பரிசு என்று வந்த இணையப் படிவத்தில் அடையாள அட்டை இலக்கம், பிறந்த திகதி எல்லாம் எழுதிவிட்டேன். முட்டாள்தனமா?
— வாசகி, கிண்ணியா

பதில்: பரிசு கண்முன் நிற்கிறது, தீங்கு கண்ணுக்கெட்டாத் தூரத்தில் இருக்கிறது, யாரும் எழுதிவிடுவார்கள். பழைய ஒன்பது இலக்க அட்டை என்றால் முதல் இரண்டு எண் நீங்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாம் நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். இலக்கத்தைக் கொடுத்தபோதே வயதையும் கொடுத்தாயிற்று. ஒரு குலுக்கலுக்கு இவ்வளவு எதற்கு? தேவைக்கு மிஞ்சித் தகவல் திரட்டக்கூடாது என்று 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. அடுத்த முறை பெயரையும் தொலைபேசி எண்ணையும் மட்டும் எழுதுங்கள்; ஏற்காவிட்டால் போகட்டும்.

அது சரி, கைத்தொலைபேசி விழுந்ததா?