நூல் கோக்கும் சித்தி

கேள்வி: என் சித்தப்பா வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது நான்தான் அவருக்கு ஒரு கேமரா வாங்கிக் கொடுத்தேன். பன்னிரண்டு வருடமாகப் படம் எடுப்பவன் என்பதால், எடுத்ததையெல்லாம் முதலில் எனக்குத்தான் அனுப்புவார். வீட்டில் மற்றவர்கள் எல்லாவற்றுக்கும் ‘சூப்பர்’ போட்டுவிடுவார்கள். “நீயாவது உள்ளதைச் சொல்லுப்பா” என்று அவரே கேட்டார். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கும் படம் ஒன்று வந்தது. உள்ளதைச் சொன்னேன். முகம் இருட்டு, ஜன்னல் வெளுத்துவிட்டது, ஜன்னல் சட்டம் சாய்ந்திருக்கிறது, நாற்காலிக் கால் வெட்டுப்பட்டிருக்கிறது, விரல்கள் கலங்கியிருக்கின்றன, நாய்ஸ் (புள்ளி புள்ளியாகத் தெரிவது) அதிகம், ஆளை நட்டநடுவில் வைத்துவிட்டீர்கள். “சரிப்பா” என்று மட்டும் பதில் வந்தது. மூன்று மாதமாக ஒரு படமும் இல்லை. நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லையே, பிறகு எங்கே தவறினேன்? படத்தையும் இணைத்திருக்கிறேன்.

பதில்: கடிதத்தை ஒருமுறை படித்தேன், படத்தைப் பலமுறை பார்த்தேன். நீங்கள் சொன்ன ஏழும் அதில் இருக்கின்றன. எட்டாவதாகவும் ஒன்று இருக்கிறது. சித்தியின் இரண்டு கைகளுக்கும் நடுவே அந்த நூல். பின்னாலிருந்து வரும் ஜன்னல் வெளிச்சம் பட்டு, இருட்டான தோள் பக்கத்துக்கு எதிரே அது ஒரு வெள்ளிக் கோடாக மின்னுகிறது. நுனி ஊசிக் காதுக்குச் சற்று முன்னால் நிற்கிறது, இன்னும் நுழையவில்லை. முகம் தெரியாவிட்டாலும், தலை லேசாகச் சாய்ந்து முன்னால் வந்திருக்கும் விதத்திலேயே சித்தி கண்ணை இடுக்கிக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரிகிறது.

சித்தப்பா உங்களிடம் உள்ளதைச் சொல்லச் சொன்னார். நீங்கள் சொன்ன ஏழில் பெரும்பாலானவை இல்லாதவை. முகத்தில் வெளிச்சம் இல்லை, ஜன்னலில் விவரம் இல்லை, சட்டம் நேராக இல்லை, நாற்காலிக்குக் கால் இல்லை. உள்ளது அந்த நூல். அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட அவருக்குப் போகவில்லை. அந்த ‘சரிப்பா’வில் இருந்தது கோபம் என்று நான் நினைக்கவில்லை. தான் பார்த்ததை யாருமே பார்க்கவில்லை என்று தெரிந்துகொண்டவரின் குரலாகத்தான் எனக்குக் கேட்கிறது.

படம் எடுத்தவருக்கும் பார்ப்பவருக்கும் இருக்கும் இடைவெளியை நான் புரிந்துகொண்டது ஒரு வாளியால். தொடக்க காலத்தில் என் பாட்டி சிரிப்பதை ஒரு படம் எடுத்தேன். பிரிண்ட் போட்டு எல்லாரிடமும் காட்டினேன், எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். மூத்த புகைப்படக்காரர் ஒருவர் மட்டும் எதுவும் சொல்லவில்லை. பிரிண்டைக் கை நீட்டித் தள்ளிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கீழ் மூலையில் கட்டைவிரலை வைத்து மறைத்து, “இப்ப பாருங்க” என்றார். விரலை எடுத்து, “இப்ப?” என்றார். மூன்று தடவை அப்படிச் செய்தார். அந்த மூலையில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் வாளி இருந்தது. அதுவரை நூறு தடவையாவது அந்தப் படத்தைப் பார்த்திருப்பேன், வாளி என் கண்ணில் பட்டதே இல்லை. எடுக்கும்போது நான் பாட்டியை மட்டும்தான் பார்த்தேன், பிறகு படத்திலும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் புகைப்படக்காரருக்கு என் பாட்டி யாரோ ஒருவர். அதனால் அவர் கண் நேராக வெள்ளைக்குப் போனது. அன்றிலிருந்து, பொத்தானை அழுத்தும் முன் ஃபிரேமின் நான்கு ஓரங்களையும் ஒரு சுற்று பார்த்துவிடுகிறேன்.

படத்துக்குள் எதை எங்கே வைப்பது என்பதைக் குறிக்கும் ‘காம்போசிஷன்’ என்ற சொல்லைக்கூட அவர் எடுக்கவில்லை என்பதை கவனியுங்கள். தன் கண் எங்கே போனது என்பதை மட்டும் எனக்குக் காட்டினார். எடுத்தவர் தன்னால் பெறவே முடியாத தகவல் அது ஒன்றுதான். சித்தப்பா அந்த அறையில் இருந்தார், சித்தி என்ன முணுமுணுத்தார் என்றுகூட அவருக்கு நினைவிருக்கும். உங்களுக்கு அந்தச் செவ்வகம் மட்டும்தான். ‘முதலில் கண் ஜன்னலுக்குப் போனது, பிறகு நூலுக்கு வந்தது, அங்கேயே நின்றுவிட்டது’ என்று நீங்கள் சொல்லியிருந்தால், ஜன்னல் தொந்தரவு செய்கிறது என்பதை அவரே கண்டுபிடித்திருப்பார்.

அடுத்தது ஒரு கேள்வி. அறிவுரைக்கு முன்னால் அது வந்தே ஆக வேண்டும் என்பேன். “எதைப் பார்த்து கேமராவைத் தூக்கினீங்க சித்தப்பா?”

உங்கள் படத்தையே வைத்துப் பாருங்கள். “சித்தி முகத்தை” என்று அவர் சொன்னால், நீங்கள் சொன்னது சரி, முகம் இருட்டு. கேமராவின் லைட் மீட்டர் தன் முன்னால் இருப்பதையெல்லாம் கூட்டிப் பார்த்து, சராசரியாக நடுச் சாம்பல் நிறத்துக்குக் கொண்டுவரப் பார்க்கும். பிரகாசமான ஜன்னல் ஃபிரேமில் பாதியை அடைத்துக்கொண்டதால், மொத்தத்தையும் அது இருட்டாக்கிவிட்டது. கூட்டல் கழித்தல் குறி போட்ட பொத்தானில் ஒன்று அல்லது ஒன்றரை ஸ்டாப் கூட்டலாம் (ஒரு ஸ்டாப் கூட்டினால் பதியும் வெளிச்சம் இரண்டு மடங்காகும்). அதைவிடச் சுலபம், ஜன்னல் தன் முதுகுப் பக்கமோ தோள் பக்கமோ வரும்படி சித்தப்பா சுற்றிவந்து நிற்பது. முகம் முழுக்க மென்மையான வெளிச்சம் விழும், கண்ணில் ஒரு பொட்டு மின்னும்.

ஆனால் “அந்த நூலைத்தான்” என்று அவர் சொன்னால்? அப்போது இந்த யோசனை படத்தைக் கொன்றுவிடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, கூட்டினால் நிழல் சாம்பலாக வெளிறும், ஜன்னலின் வெள்ளை இன்னும் பரவும், நூல் அதில் கரைந்துபோகும். நூல் மின்னுவதே சுற்றிலும் இருட்டாக இருப்பதால்தான். அவரிடம் சொல்ல வேண்டியது நேர் எதிரான ஒன்று: இன்னும் அரை ஸ்டாப் குறையுங்கள், இரண்டடி முன்னால் போங்கள், ஜன்னல் ஃபிரேமுக்கு வெளியே போகட்டும், கையும் ஊசியும் தலையின் அந்தச் சாய்வும் மட்டும் இருக்கட்டும். ஒரே படத்துக்கு ஒன்றுக்கொன்று முரணான இரண்டு அறிவுரை, இரண்டுமே சரி. எது பொருந்தும் என்பது அவர் சொல்லப்போகும் பதிலில் இருக்கிறது. கேட்காமல் சொன்னால், அவர் எடுக்க நினைத்த படத்தை விட்டுவிட்டு நீங்கள் எடுத்திருக்கக்கூடிய படத்தைத்தான் திருத்திக்கொண்டிருப்பீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். விரல் கலங்கியிருக்கிறது என்றீர்கள், நாய்ஸ் அதிகம் என்றும் சொன்னீர்கள். படத்தின் விவரங்களைத் திறந்து பார்த்தேன். 50 மில்லிமீட்டர் லென்ஸ், ஷட்டர் வேகம் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) 1/15 வினாடி, ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு கூர்மையாக உணர வேண்டும் என்ற அளவு) 1600. கையில் பிடித்து எடுக்கும்போது ஷட்டர் வேகம் லென்ஸின் மில்லிமீட்டர் எண்ணுக்குக் குறையக் கூடாது என்பது பழைய கணக்கு. அதன்படி குறைந்தது 1/50 வேண்டும். அசையும் விரலுக்கு அதுவும் போதாது. வெளிச்சம் மங்கிய நேரத்தில் அந்த வேகம் வேண்டுமானால் ஐஎஸ்ஓ ஏற வேண்டும், ஏறினால் நாய்ஸும் ஏறும். நாய்ஸைக் குறைக்க ஐஎஸ்ஓவை இறக்கினால் ஷட்டர் இன்னும் மெதுவாகும், கலங்கல் கூடும். உங்களுக்கு இது கைவந்த விஷயம். ஆறு மாதமாகக் கேமரா பிடிப்பவருக்கு, ஒரே மூச்சில் சொன்ன இந்த இரண்டும் ஒரே கயிற்றை இரண்டு பக்கமும் இழுக்கச் சொன்னதுபோல. “புள்ளி புள்ளியா வந்தா வரட்டும் சித்தப்பா, ஐஎஸ்ஓவைத் தைரியமா 6400 வரைக்கும் ஏத்துங்க” என்ற ஒரு வரி போதும். நாளைக் காலை எழுந்து அவர் செய்து பார்க்கக்கூடிய ஒன்று அது.

ஒரு படத்துக்கு ஒன்றுதான், அதுவும் அடுத்த தடவை கேமராவைத் தூக்கும்போது கையால் செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். ஏழில் எதை எடுப்பது என்று தடுமாற வேண்டாம். சட்டம் சாய்ந்திருப்பதை எடிட் செய்யும்போது பத்து வினாடியில் நிமிர்த்திவிடலாம், அதற்குப் பேச்சே தேவையில்லை. நாற்காலிக் கால் என் கண்ணில் படவே இல்லை, நீங்கள் சொன்ன பிறகு போய்த் தேடினேன். நட்டநடுவில் வைத்தது பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். ஆளை நடுவில் வைக்காமல், ஃபிரேமை மூன்றாகப் பிரிக்கும் கோட்டில் வைக்கச் சொல்லும் மூன்றில் ஒரு பங்கு விதி கேமரா பிறப்பதற்கு முன்பே வந்தது. 1797இல் ஜான் தாமஸ் ஸ்மித் என்ற ஆங்கிலேய ஓவியர் நாட்டுப்புறக் காட்சிகளை வரைவதைப் பற்றி எழுதும்போது முன்வைத்த யோசனை அது. நல்ல யோசனைதான். ஆனால் ஒருவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நூல் கோக்கும் நேரத்தில், ஆள் நடுவில் இருப்பதுதான் அந்த அசையாமையைத் தருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

விமர்சனம் என்றாலே ஆளை வளர்க்கும் என்று நம்புகிறவர்கள் நிறைய. 1996இல் அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை நடந்த ஆய்வுகளிலிருந்து 607 ஒப்பீடுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். கருத்துச் சொல்வதால் சராசரியாகப் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், கருத்துச் சொன்ன பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது. கேட்பவரின் கவனம் செய்யும் வேலையை விட்டுத் தன்னைப் பற்றிய எண்ணத்துக்குத் திரும்பும்போது பலன் குறைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். ஏழு குறைகளை வரிசையாகக் கேட்கிற மனிதர் ஏழையும் தனித்தனியாகக் கேட்பதில்லை. ‘நமக்கு இது வராது’ என்ற ஒன்றைத்தான் கேட்கிறார். இந்த விஷயத்தில் பாராட்டும் கிட்டத்தட்ட அதே வேலையைத்தான் செய்யும். ‘உங்களுக்கு நல்ல கண்ணு’ என்பது ஆளைப் பற்றிய பேச்சு. அடுத்த படம் சரியாக வராவிட்டால் கண் போய்விட்டதா என்று அவர் பயப்பட வேண்டியிருக்கும். ‘நூல்ல வெளிச்சம் பட்டிருக்கே’ என்பது படத்தைப் பற்றிய பேச்சு. எப்படி வந்தது என்று அவர் யோசிப்பார், மறுபடி அதைத் தேடிப் போவார்.

வயதான பிறகு கேமராவைக் கையில் எடுத்தவர்களைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஜூலியா மார்கரெட் கேமரன் நினைவுக்கு வருவார். 1863 டிசம்பரில், அவருடைய 48ஆவது வயதில், மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தார்கள், நீங்கள் சித்தப்பாவுக்குக் கொடுத்தது போலவே. அவர் எடுத்த முகங்கள் கூர்மையாக இருக்காது, விளிம்புகள் கரைந்திருக்கும், கண்ணாடித் தகட்டில் கறையும் கீறலும் தெரியும். ஃபோகஸ் இல்லை, கைவேலை சுத்தமில்லை என்று அந்தக் காலப் புகைப்படப் பத்திரிகைகள் கடுமையாக எழுதின. அவர்கள் சொன்ன குறைகளும் உண்மையாகவே படத்தில் இருந்தன. ஆனால் 1865லேயே, இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் என்று பெயர் பெற்றிருக்கும் லண்டன் அருங்காட்சியகம் அவருடைய படங்களை வாங்கியது. கலங்கியதெல்லாம் கலை என்று நான் சொல்ல வரவில்லை. சித்தப்பாவின் படத்தில் விரல் கலங்கியது தற்செயல்தான் என்றே நினைக்கிறேன். இருந்தாலும் அவர் வாயால் கேட்காமல் அதைத் தீர்மானிக்க எனக்கு மனம் வரவில்லை.

இப்போது என்ன செய்வது என்றால், ‘மன்னிச்சிடுங்க சித்தப்பா’ என்று நீளமாக ஆரம்பிக்காதீர்கள். பேச்சு மறுபடி உங்கள் இருவரைப் பற்றியதாகிவிடும், படம் ஓரத்துக்குப் போய்விடும். அந்தப் படத்தைப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டு எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். எதையும் திருத்தாமல், சட்டத்தைக்கூட நிமிர்த்தாமல், அவர் அனுப்பியபடியே பிரிண்ட் போடுங்கள். இரண்டு அட்டைத் துண்டுகளை ‘ட’ வடிவில் வெட்டிக் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை நேராகவும் இன்னொன்றைத் தலைகீழாகத் திருப்பியும் படத்தின் மேல் வைத்தால் நடுவில் ஒரு ஃபிரேம் கிடைக்கும், நகர்த்தி நகர்த்திப் பெரிதாக்கலாம், சிறிதாக்கலாம். அதை அவர் கையில் கொடுங்கள். ஜன்னலை மறைத்துப் பார்க்கட்டும், நாற்காலியை மறைத்துப் பார்க்கட்டும், எங்கே நிறுத்துகிறார் என்று கவனியுங்கள். அவர் எதைப் பார்த்து கேமராவைத் தூக்கினார் என்ற கேள்விக்குப் பாதிப் பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

பிறகு இன்னொன்றும் கேளுங்கள். “இதுக்கு முன்னாடி, பின்னாடி எடுத்த படமெல்லாம் இருக்கா சித்தப்பா? பார்க்கணும்போல இருக்கு.” 1936இல் டொரோத்தியா லாங்கே கலிஃபோர்னியாவில் ஒரு கூடாரத்தில் தாயையும் குழந்தைகளையும் எடுத்த படம் உலகம் அறிந்தது. அன்று அவர் எடுத்த மற்ற படங்களையும் சேர்த்துப் பார்த்தால், தள்ளி நின்று தொடங்கிப் படிப்படியாக நெருங்கிப் போனது தெரியும். தனிப் படம் ஒரு முடிவைக் காட்டும், வரிசை யோசனை போன வழியைக் காட்டும். சித்தப்பாவின் கேமராவிலும் அந்த மாலையில் எடுத்த பத்துப் பதினைந்தாவது இருக்கும். நூல் காதுக்குள் நுழைந்த கணம் அதில் இருக்கிறதா, சித்தி நிமிர்ந்து அவரைப் பார்த்துச் சிரித்தது இருக்கிறதா என்று எனக்கே பார்க்க ஆசையாக இருக்கிறது. அவர் ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டும்போது கேமராவை வாங்கி நீங்கள் தள்ளாதீர்கள். எந்தப் படத்தில் அவர் விரல் சற்று அதிக நேரம் நிற்கிறதோ, அங்கே கேளுங்கள், “இதுல என்ன சித்தப்பா?”